அவுரி இலையும் நீலக்கட்டியும்

செடிகொடிகளில் காணப்படும் நிறங்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. இலையின் பசுமைக்குக் காரணமான பச்சையம் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு செடிக்கு ஆகாரம் தயாரிக்கும் வஸ்துவாகும். எனினும் அது துணியில் ஏறி நிலைப்பதில்லை. கத்தரிக்காய்த் தோலிலும் நாவற்பழத்திலும் உள்ள ஊதா நிறம் தண்ணீரில் கரைந்துவிடும். சங்குப்பூவின் நீலச் சாற்றில் எலுமிச்சம்பழச் சாறு பட்டால் நிறம் உடனே மாறுவதையும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆலத்தித் தண்ணீர் சிவப்பதையும் அறியாத வீடில்லை. அந்த மஞ்சளைத் துணிக்கு ஏற்றினாலோ சில நாள் வெயிலில் வெளுத்துப் போகிறது. பண்ருட்டிப் பக்கத்தில் குறைவின்றிக் கிடைக்கும் பலாமரத்தின் வைரத்தைச் சீவிக் காய்ச்சி, படிகாரம் கூட்டினால் இறங்கும் மஞ்சள் அதைவிட உறுதியானது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு சாயத்தின் மதிப்பைத் தீர்மானிக்க முடியாது. இதற்கு அவுரியைவிடச் சிறந்த உதாரணம் வேறில்லை. அதன் இலையில் நீல நிறமே கிடையாது.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பண்ருட்டிக்குச் செல்லும் சாலையில் இன்று கரும்பும் நெல்லும் கண்ணில் படுகின்றன. பண்ருட்டியை நெருங்கும்போது செம்மண் நிலத்தில் முந்திரியும் பலாவும் தோன்றும். 1993-ல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய தென்னாற்காடு ஜில்லா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அவுரி பயிரான முக்கிய ஜில்லாக்களுள் ஒன்று. அடுத்துள்ள புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி, பிரெஞ்சு வர்த்தகர் மூலம் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் தேசம் வரையில் சென்றது. அங்கே பிசின் வியாபாரத்தில் அத்துணி நாணயத்தைப் போலவே கைமாறி வந்தது.

அவுரி இலையில் இருப்பது இண்டிகன் என்னும் நிறமற்ற பொருள். அது இண்டாக்சில் என்ற வஸ்துவும் ஒருவகைச் சர்க்கரையும் இணைந்து உண்டானது. இலையிலேயே உள்ள நொதி ஒன்று அவ்விணைப்பை அறுக்கவல்லது. ஆனால் உயிருள்ள இலையில் இவ்விரண்டும் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. இலை நைந்து நீரில் ஊறும்போது அறைச்சுவர் சிதைந்து, நொதி இண்டிகனைச் சேர்கிறது, சர்க்கரை பிரிகிறது, இண்டாக்சில் நீரில் கலக்கிறது. பிறகு காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு சேர, இண்டாக்சில் இரண்டிரண்டாக இணைந்து நீலமாகிறது. நீலம் தண்ணீரில் கரையாததாகையால் வண்டலாக அடியில் தங்குகிறது. நூறு பங்கு பச்சை இலையில் இவ்வாறு சாயமாகக்கூடியது ஒரு பங்குக்கும் குறைவேயாகும். அவ்வளவு சிறிய பங்கை வீணாக்காமல் எடுப்பதே தொட்டி வேலையின் சாமர்த்தியம்.

விதைத்த மூன்று, நான்கு மாதத்தில், பூ எடுக்கத் தொடங்கும் பருவத்தில் செடியை அறுப்பது வழக்கம். பருவம் தவறி முற்றினால் இலை உதிர்ந்து தண்டே மிஞ்சும். தண்டில் சாயம் மிகச் சொற்பம். அடிக்கட்டையை விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்த்து மறு அறுப்புக்கு வரும். காலையில் அறுத்த செடியை அன்றே தொட்டியில் அடுக்கி, மேலே மிதக்காதபடி கட்டைகளால் அமுக்கி, தண்ணீர் விட வேண்டும். இலையை முன்னதாக உலர்த்தி வைத்துக்கொண்டு ஊறவைக்கும் முறையும் இம்மாகாணத்தில் இருந்தது. இடவசதியில்லாத குடியானவருக்கு அது அனுகூலமே. பச்சை இலை ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறும். வெயிற்காலத்தில் இது குறையும். குளிர்ந்த நாளில் நீளும். நீர் பச்சை கலந்த மஞ்சளாகி, மேலே நுரைகட்டும்போது அதைக் கீழ்த்தொட்டிக்கு இறக்க வேண்டும். ஊறல் போதாவிட்டால் சாயம் இலையிலேயே தங்கிவிடும். மிஞ்சினாலோ இலை அழுகி, உண்டான இண்டாக்சிலும் வேறு பொருள்களாகக் கெட்டுப்போகும். இந்த ஒரு இடத்தில் அநுபவமுள்ளவரின் கண்ணும் மூக்கும் கடிகாரத்தைவிட நம்பத்தக்கவை.

கீழ்த்தொட்டியில் ஆட்கள் இறங்கிக் கட்டைகளால் நீரை அடித்துக் கலக்குவார்கள். இது வெறும் வழக்கமன்று. நீரின் ஒவ்வொரு பாகமும் காற்றோடு கலப்பதற்கே இந்த அடி. இரண்டு மூன்று மணி நேரத்தில் பச்சை நீர் கருநீலமாகும்; நுரையும் முதலில் நீலமாகிப் பின் அடங்கும். வண்டல் விரைவில் தெளியச் சிறிது சுண்ணாம்புத் தெளிநீர் விடுவதுண்டு. அளவுக்கு மிஞ்சிச் சுண்ணாம்பு விட்டால் கட்டியின் நிறை கூடும், சாயம் கூடாது. மேல்நீரை வடித்து, வண்டலைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி, பிழிந்து, துண்டுகளாக அறுத்து நிழலில் உலர்த்தினால் நீலக்கட்டி ஆயிற்று.

கரையாத நீலம் துணியில் எவ்வாறு ஏறும் என்ற கேள்வி இயல்பாக எழும். சாயக்காரர் தாழியில் நீலத்தோடு சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். புளிப்பில் தோன்றும் நுண்ணுயிர்கள் நீலத்தை மறுபடியும் நிறம் குன்றிய, கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அதில் தோய்த்த துணி வெளியே எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாயிருந்து, காற்றுப் பட்டவுடன் நீலமாகும். நூலுக்குள்ளே புகுந்தபின் கரையாத பொருளாய் மாறிவிடுவதால்தான் துவைத்தாலும் எளிதில் போவதில்லை.

இச்சாயத்தின் வீழ்ச்சி தென்னாற்காட்டில் தொடங்கியதன்று. ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி அடால்ப் பான் பேயர் 1880-ல் நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டார். 1883-ல் அதன் அமைப்பையும் வகுத்தார். 1897-ல் பி.ஏ.எஸ்.எப். என்னும் ஜெர்மன் கம்பெனி ஆலை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டில் உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-ல் அது சுமார் 1,000 டன்னாகச் சுருங்கிற்று. மகாயுத்தத்தில் ஜெர்மன் சரக்கு நின்றபோது அவுரிக்குத் திரும்ப விலை ஏறியதுண்டு, அது நீடிக்கவில்லை. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் கிடைத்த சாயவேருக்கும் இதே கதிதான் முன்னதாகவே நேர்ந்திருந்தது. அதன் சிவப்புக்குக் காரணமான அலிசரினைக் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் 1868-லேயே செய்துவிட்டனர்.

விலைக் குறைவு ஒன்றே இதற்குக் காரணம் எனச் சொல்லிவிடுவது வழக்கம். அது முழு உண்மையன்று. ஆலை நீலம் எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரே வலிமையுடையது. சாயக்காரர் நிறுத்துப் போட்டால் எதிர்பார்த்த நிறமே வரும். குடியானவரின் கட்டியோ தொட்டிக்குத் தொட்டி வேறுபட்டது. சுண்ணாம்பும் மண்ணும் கலந்து, பாதிக்கும் குறைவான சாயமே உள்ள கட்டிகள் சகஜம். நூற்றுக்கு 40 பங்கு சாயமுள்ள கட்டி ஒரு கிலோவும், 20 பங்கு உள்ள கட்டி இரண்டு கிலோவும் சாயக்காரருக்குச் சமமே. ஆனால் எதில் எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது எல்லாக் கட்டிக்கும் தாழ்ந்த கட்டியின் விலையையே கொடுப்பார். நல்ல கட்டி செய்தவருக்கு நஷ்டம் இவ்வழியாகவும் வந்தது.

இன்று உலகில் உபயோகமாகும் நீலம் ஆண்டுக்குப் பல்லாயிரம் டன். பெரும்பகுதி ஜீன்ஸ் துணிக்கு. கிட்டத்தட்ட யாவும் ஆலைச் சரக்கே. செடி நீலம் விலையில் அதோடு போட்டியிட இயலாது. ஆயினும் இயற்கைச் சாயம் வேண்டுமென்று கூடுதல் விலை கொடுப்போர் உண்டு. திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிராகிறது. இச்சந்தை சிறியது. வாங்குவோரை முன்னதாக உறுதி செய்யாமல் சங்க அங்கத்தினர் எவரும் நல்ல கரும்பு நிலத்தை இதற்காக மாற்றுவது புத்திசாலித்தனமாகாது. தரிசாகக் கிடக்கும் பருவத்தில் விதைப்பது வேறு விஷயம். அவுரி பயறு இனத்தைச் சேர்ந்தது; வேர் முடிச்சுகளால் நிலத்துக்குத் தழைச்சத்தைச் சேர்ப்பது. ஊறி எடுத்த சக்கையும் வயலுக்கு நல்ல உரமாதலால் சாயம் விலைபோகாத ஆண்டிலும் முழு நஷ்டமில்லை.

தனித்தனிக் குடியானவர் இலையை நிறுத்து விற்றால், அவருக்குக் கிடைப்பது தழையின் விலைதான். சாயம் பிறப்பது தொட்டியில். தொட்டி கட்ட ஒருவரால் முடியாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்பது சங்கத்தாருக்குப் புதிய செய்தியன்று. அதைவிட முக்கியமானது சோதனை. நல்ல கட்டி லேசாய் நீரில் மிதக்கும். நகத்தால் தேய்த்தால் செம்பின் பளபளப்புக் காட்டும். சிறு துண்டை வெளியிடத்தில், புகை முகத்தில் படாதவாறு சூடாக்கினால் ஊதா நிற ஆவி எழும். எரிந்தபின் சாம்பல் மிகுதியாய் நின்றால் மண்ணோ சுண்ணாம்போ கலந்தது எனத் தெளியலாம். சாயத்தின் சரியான பங்கை அறிய ரசாயனச் சாலைக்கே அனுப்ப வேண்டும்.

செடி நீலமும் ஆலை நீலமும் ஒரே பொருளாதலால், ஒன்றில் மற்றதைக் கலந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆலை நீலத்தின் மூலப்பொருள் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் வருவது. பூமிக்குள் நெடுங்காலம் கிடந்த அவற்றில் கார்பன்-14 என்ற அணு மிஞ்சியிராது. இவ்வருடம் முளைத்த செடியில் அது உண்டு. ஆகையால் வெளிநாட்டு வியாபாரி கலப்படத்தைச் சோதனைச்சாலையில் கண்டுவிடலாம்; ஒரு தொட்டியின் பொய் சங்கத்தின் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பச் செய்யும். இதற்காகவே இலை வந்த தேதி, கொடுத்தவரின் பெயர், எடை, ஊறிய நேரம், விட்ட சுண்ணாம்பு, கிடைத்த கட்டியின் எடை ஆகியவற்றைத் தொட்டிவாரியாகப் பதிய ஒரு புஸ்தகம் வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு சிறு துண்டைக் குறியிட்டுச் சங்கத்தில் பத்திரப்படுத்தினால், தகராறு எழும்போது அதையே சோதனைக்கு அனுப்பலாம்.