சந்தனத்துக்குள் மரகதம்

ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருந்து, மார்கழி ஆருத்ரா தரிசனத்தையொட்டி மட்டுமே தம் இயல்பான திருமேனியைக் காட்டியருளும் உத்தரகோசமங்கைக் கோயில் மரகத நடராஜரைத் தரிசித்தோர், மேற்பூச்சின் கீழே உறையும் மெய்யான ஸ்வரூபத்தின் மகத்துவத்தை நன்கறிவர். மேற்பூச்சினும் உள்ளிருப்பதே மேன்மை என்னும் இந்நியதி வீடியோ விளையாட்டுகளின் கதாபாத்திரங்களுக்கும் பொருந்தும்.

புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்னும் சாகச விளையாட்டில், துர்க்கையின் அனுக்கிரகத்தால் ஆயுதம் தாங்கி அசுரரை எதிர்க்கும் ராஜி என்னும் சிறுமி நம்மை வியக்க வைக்கிறாள்; ஆயினும், அசுரர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடித் தவிக்கும் சாமானியத் தமக்கையாக இருப்பதனாலேயே, விளையாடுவோர் நெஞ்சில் சொந்தச் சகோதரியாக இடம்பெறுகிறாள். அவளுடைய வீரம் மேலே பூசிய சந்தனம் என்றால், உடன்பிறப்பின்பால் கொண்ட வாஞ்சையே உள்ளிருக்கும் மரகதம்.