வன்தட்டு வீடியோ கேமராவில் உறங்கும் பதிவுகள்

முன்னுரை

நிகழ்ந்ததை நிலைநிறுத்த வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. தென்காசிக் கோயிற் கல்வெட்டுகளும், குற்றாலச் சித்திர சபையின் சுவரோவியங்களும் அவ்வேட்கையின் விளைவுகளே. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடக்கமாகியுள்ள மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் பாடல்கள் ஏட்டிலும் மக்கள் நாவிலும் வாழ்ந்து நம்மை வந்தடைந்தன. அவர் பாடிய குரலோ காற்றோடு கலந்துவிட்டது. குரலையும் உருவத்தையும் ஒருங்கே காத்துக்கொள்ளும் வாய்ப்பு எளிய குடும்பங்களுக்கும் கிட்டியது அண்மைக் காலத்திலேதான். அவ்வாய்ப்பை நாம் முறையாகப் பயன்கொண்டோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

நாடாவிலிருந்து வன்தட்டுக்கு

1995இல் அறிமுகமான மினி டிவி நாடாவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பதியலாம். விழா முடிந்ததும் நாடாவை வெளியே எடுத்து, பெயரும் நாளும் எழுதிப் பெட்டியில் வைத்துவிடுவர். 2004இல் ஜே.வி.சி. நிறுவனம் 'எவரியோ' என்னும் பெயரில், சின்னஞ்சிறு வன்தட்டில் (ஹார்டு டிஸ்க்) பதியும் கேமராவைக் கொணர்ந்தது. 2006இல் சோனி நிறுவனமும் தன் 'ஹேண்டிகேம்' வரிசையில் அத்தகைய கருவியை வெளியிட்டது. 30 கிகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டில் உயர்ந்த தரத்திலேயே சுமார் 7 மணி நேரம் பதியலாம். நிக்காஹ் மஜ்லிஸ் முதல் வலீமா விருந்து வரை நாடா மாற்றும் தொல்லையின்றிப் படமெடுக்க இயன்றது.

ஆயினும் அவ்வசதிக்குள்ளேயே ஒரு கேடும் மறைந்திருந்தது. நாடாவில் பதிவும் சேமிப்பும் ஒன்றே. வன்தட்டுக் கேமராவிலோ பதிவு கருவிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த விழாவுக்கு இடம் வேண்டுமாயின் முந்தைய விழாவை அழித்தாக வேண்டும். கணினியில் படியெடுக்காமலே அழித்துவிட்டுப் பின்னர் வருந்தியோர் உண்டு.

பதிவு வடிவங்கள்

இக்கேமராக்கள் இருவகை வடிவங்களில் பதிந்தன. முதலாவது, டிவிடி தட்டுகளிலும் வழங்கிய எம்பெக்-2. நொடிக்கு 9 மெகாபிட் என்னும் அளவில் இது மணிக்கு ஏறத்தாழ 4 கிகாபைட் இடம் கொள்ளும். எவரியோ கேமராக்கள் இதனை 'மாட்' என்னும் பின்னொட்டுடைய கோப்பாகவும், அதன் விவரங்களை 'மாய்' என்னும் சிறு கோப்பாகவும் எழுதின. படம் அகலத்திரையா என்னும் குறிப்பு இச்சிறு கோப்பில் இருப்பதால், பெரிய கோப்பை மட்டும் எடுத்துப் பெயர் மாற்றினால் முகங்கள் நீண்டு மெலிந்து தோன்றக் காணலாம்.

இரண்டாவது, 2006இல் சோனி, பானாசோனிக் நிறுவனங்கள் இணைந்து அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. என்னும் உயர்தெளிவு வடிவம். இதில் நீண்ட பதிவுகள் 4 கிகாபைட்டை மிகாத துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். எனவே ஓரிரு கோப்புகளைப் பொறுக்கி எடுக்காமல், கோப்புறை அமைப்பு முழுவதையும் அப்படியே படியெடுப்பதே அறிவுடைமையாகும்.

தொகுப்பதில் ஏன் இடர்?

நம் நாட்டு முறையில் நொடிக்கு 25 படங்கள் பதிவாகின்றன. இடத்தைச் சிக்கனப்படுத்த, இவ்வடிவங்கள் ஏறத்தாழ அரை நொடிக்கு ஒரு படத்தை முழுமையாக எழுதி, இடைப்பட்ட படங்களில் மாறிய பகுதிகளை மட்டுமே குறிக்கின்றன. முழுப்படம் அல்லாத ஓரிடத்தில் வெட்டினால் மென்பொருள் அப்பகுதியைப் புதிதாக உருவாக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு மறு உருவாக்கத்திலும் தரம் சிறிது குறையும். ஆகவே மூலப்பதிவைத் தொடாமல் அதன் படியிலேயே தொகுத்தல் வேண்டும். பலர் பழகிய விண்டோஸ் மூவி மேக்கர் 2017இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கேடென்லைவ், ஷாட்கட் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய வடிவங்களையும் அவை திறக்கின்றன.

சாரலும் முழக்கமும்

வன்தட்டில் எழுதும் முனை, சுழலும் தட்டின் மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் காற்றில் மிதக்கிறது. ஆகவே அதிர்ச்சி அதன் பகை. பொட்டல்புதூர் கந்தூரியின் மேள முழக்கத்துக்கு மிக அருகே நின்றால் பதிவு நின்றுவிடவும் கூடும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலில் ஈரம் மற்றொரு பகை. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை அருவிக்கரைக்குக் கொணர்ந்தால் உள்ளே நீர் பனிக்கும். அதனைப் பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இயக்குவதே முறை.

காக்கும் நெறி

2010களின் முற்பகுதியில் நினைவட்டைகள் மலிந்தமையால் வன்தட்டுக் கேமராக்கள் வழக்கொழிந்தன. அவற்றுள் பல இன்று அலமாரிகளில் உறங்குகின்றன. அத்தகைய கேமரா இல்லத்தில் இருப்பின், அதனை மின் இணைப்பில் வைத்தே கணினியோடு பொருத்துக. 'பார்மட்' செய்யவா எனக் கணினி கேட்பின் மறுத்துவிடுக. பதிவு அழிந்திருப்பினும் அதன்மேல் புதிதாக எதனையும் பதியாத வரை மீட்க வழியுண்டு.

படியெடுத்தபின் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் போதாது. மூன்று படிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேறோர் ஊரில் என்பது வல்லுநர் கூறும் நெறி. கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனின் படிகளை எடுப்பித்துப் பல நகரங்களுக்கு அனுப்பியதும், ஹாபிழ்கள் அதனை நெஞ்சில் சுமந்து வருவதும் இவ்வுண்மையை நமக்கு முன்பே உணர்த்தியுள்ளன. ஹதீஸை அறிவிப்போர் 'இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார்' எனத் தொடர் கூறுவது போல, ஒவ்வொரு பதிவோடும் நாள், இடம், அதில் தோன்றுவோர் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். பெயரறியா முகம் இரண்டு தலைமுறைக்குப் பின் அயலார் முகமாகிவிடும்.

முடிவுரை

மறைந்த பாட்டியின் தாலாட்டு, ஊர்ப் பெரியவரின் மீலாது உரை, மூத்த பேராசிரியரின் வகுப்பு ஆகியன ஒருவேளை அந்தச் சிறு வன்தட்டில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் தம் இல்லத்து அலமாரியைத் திறந்து பார்ப்பாராயின், ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தந்த முன்னோரின் பணியைத் தம் காலத்துக்கேற்பத் தொடர்ந்தவர் ஆவார். வன்தட்டு நமக்காகக் காத்திராது. நாம்தான் விரைதல் வேண்டும்.