கண் சிமிட்டும் விளக்கு

மாலை ஆறரை மணி. பையன் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறான். தலைக்கு மேல் விளக்கு மங்குகிறது, பிரகாசிக்கிறது, மறுபடியும் மங்குகிறது. "விளக்கே தூங்கி விழுகிறதே, நான் எப்படி அப்பா விழித்திருப்பது?" என்கிறான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் காட்சி புதிதன்று.

விளக்கைக் கோபித்துப் பயனில்லை. வாய்க்காலில் மேல்மடைக்காரர் எல்லாரும் ஒரே சமயத்தில் மடையைத் திறந்தால், கடைமடைக்காரர் கதி என்ன? மின்சாரத்தின் கதையும் அதுவே. பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயம் பெரிதும் கிணற்றை நம்பியது. ஒரு பம்ப் மோட்டார் கிளம்பும் கணத்தில், சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வீடுகளுக்கும் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர் என்றால், நீண்ட கம்பியின் கோடியிலுள்ள வீட்டில் வோல்டேஜ் தாழ்ந்துவிடும். பழைய கம்பியிழை பல்புக்கு வோல்டேஜில் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது குறையும்!

வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அதில் நூற்றுக்கு ஆறு கூடலாம், குறையலாம் என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் இடங்கொடுத்தன. அதாவது, சுமார் 216 முதல் 244 வரை.

இனி, குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்கும் மார்க்கத்தைச் சொல்கிறேன். ஒரே ஒரு விளக்கு மட்டும் சிமிட்டினால், பல்பையோ ஹோல்டரையோ ஸ்விட்சையோ சந்தேகிக்கவேண்டும். ஓர் அறை முழுவதும் சிமிட்டினால், அந்த அறைக்குப் போகும் ஒயரில் எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கலாம். வீடு முழுவதும் சிமிட்டுகிறதா? வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பாருங்கள். அங்கே விளக்கு நிதானமாக எரிந்தால், கம்பத்திலிருந்து நம் மீட்டர் வரை வரும் இணைப்பில் கோளாறு. தெருவே சிமிட்டினால், அது மின்வாரியத்தின் காரியம். மூன்று நாள், எந்தெந்த மணிக்கு மங்குகிறது என்று குறித்து வையுங்கள். மோட்டார் ஓடும் நேரத்தோடு அது பொருந்தினால், காரணம் தானே விளங்கிவிடும்.

ஓர் அபாயத்தை மாத்திரம் மறக்கலாகாது. ஒரு வீட்டு விளக்கு மங்க, பக்கத்து வீட்டு விளக்கு அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால், கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது தளர்ந்திருக்கலாம். அப்போது சில வீடுகளில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கக்கூடும். எங்கள் தெருவில் ஒரு முறை இப்படி நேர்ந்தது. "வெளிச்சம் இன்றைக்கு நன்றாயிருக்கிறதே" என்று சந்தோஷப்பட்ட வீட்டில், சற்று நேரத்துக்கெல்லாம் குளிர்ப்பெட்டி கருகிற்று. இதற்கு ஸ்டெபிலைசரைப் பூரணமாக நம்புவதற்கில்லை. தயங்காமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வாரியத்துக்குத் தகவல் சொல்லவேண்டும். கம்பத்தைத் தொடுவது நம் வேலையன்று. கம்பி கிடந்தால் நெருங்கவும் கூடாது.

2021-ஆம் வருஷம் தொடங்கிய மின்னகத்தின் எண் 94987 94987. இடத்தையும் நேரத்தையும் தெளிவாய்ச் சொன்னால் வேலை சுலபமாகும். தெருவார் சேர்ந்து சொன்னால் இன்னும் விசேஷம். தோட்டக்காரர்களும் மோட்டாருக்குத் தகுந்த கண்டென்சர் பொருத்தினால், கம்பியில் ஓடும் மின்சாரத்தின் பளு குறையும், ஊருக்கே உபகாரம்.

சுதந்திர நாட்டில் புகார் சொல்வது உரிமை; விஷயத்தை அறிந்து சொல்வது கடமை. அந்தக் கடமையைச் செய்தால், நம் பையனுக்குத் தூங்கி விழ வேறு காரணந்தான் தேடவேண்டியிருக்கும்!