நிற்காத பின்னணி இழை

நிற்காத பின்னணி இழை என்பது, பயனர் நிரலை நிறுத்திய பின்னும் தொடர்ந்து இயங்கும் இழையைக் குறிக்கும். பைத்தான் மொழியில் கண்ட்ரோல்+சி அழுத்தினால் எழும் கீபோர்டுஇன்டரப்ட் விதிவிலக்கு முதன்மை இழைக்கு மட்டுமே சென்று சேரும். முதன்மை இழை முடிந்தாலும், சாதாரண இழைகள் அனைத்தும் முடியும்வரை பைத்தான் காத்திருக்கும்.

எடுத்துக்காட்டாக, கொல்லிமலையில் வைத்த மழைமானியின் அளவை நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதும் இழையைக் கொள்ளலாம்.

கண்டறிதல்

திரெடிங் தொகுதியின் இன்யூமரேட் செயற்கூறு, அப்போது இயங்கும் இழைகளைப் பட்டியலிடும். இழைகளுக்கு முன்பே பெயர் இட்டிருந்தால், நிற்காதது எது என்பது உடனே தெரியும்.

தீர்வு

டீமன் இழையாக மாற்றினால் நிரல் உடனே முடியும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் அறுந்து, மழைக்கணக்கு பிழையாகலாம்.

ஈவென்ட் என்னும் நிறுத்தக் குறியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பான வழி. இழை ஒவ்வொரு சுற்றிலும் அக்குறியைப் பார்க்க வேண்டும். சிலீப்புக்குப் பதிலாக ஈவென்ட்டின் வெயிட் மூலம் காத்திருந்தால், குறி இடப்பட்டதும் இழை விழித்துக்கொள்ளும். முதன்மை இழை விதிவிலக்கைப் பிடித்து, குறியை இட்டு, பின்னணி இழை கோப்பை மூடி முடியும்வரை ஜாயின் மூலம் காத்திருக்க வேண்டும். வலையமைப்புத் தரவுக்காகக் காத்திருக்கும் இழையானால், அக்காத்திருப்புக்குக் காலவரம்பும் இட வேண்டும்.