ஏழே முக்கால் லோக்கலும் சவரக் கிண்ணமும்

டோம்பிவிலியில் குடியிருந்து கோட்டைப் பகுதியில் வேலை பார்ப்பவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலை நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்வார். குழாயில் தண்ணீர் வருவது இத்தனை மணிக்கு, பால் பாக்கெட் இத்தனை மணிக்கு, ஃபாஸ்ட் லோக்கல் இத்தனை மணிக்கு. இந்தக் கணக்கில் இடம் போதாமல் போகும்போது முதலில் பிடித்தம் செய்யப்படுவது சவர நேரம்தான். நம் சங்க மலருக்கு இந்த முறை சவரம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆண்கள் ஐம்பது, அறுபது வருடம் அன்றாடம் செய்கிற ஒரு காரியத்தை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு வெகு நாளாகவே இருக்கும் குறை.

இருபது வருடம் நான் மூன்று நிமிடத்தில் சவரம் செய்தேன். டப்பாவை அழுத்தினால் வரும் நுரை, மூன்று பிளேடு வைத்த ரேசர், குளியலறைக் கண்ணாடி. பூசிய கையோடு மேலும் கீழுமாக இழுத்துவிட்டு ஏழே முக்கால் வண்டிக்கு ஓடுவேன். தாடைக்குக் கீழே, சட்டைக் காலர் உராயும் இடத்தில், சிவப்புச் சிவப்பாகப் பொரிப் பொரியாக எழும்பும். வியர்வை, மும்பைப் புழுக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இது வியர்க்குரு இல்லை. வெட்டின முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்கிறது” என்றார்.

காரணம் எளிதானது. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடுகிறது. மிச்ச முடி தோல் மட்டத்துக்கும் கீழே போய்விடுவதால் கன்னம் வழவழவென்று இருக்கும். ஆனால் சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முடி மறுபடி வளரும்போது வெளியே வரும் வழியைத் தவறவிட்டுப் பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது. அவசரத்தில் ஒரே இடத்தை நாலு தடவை அழுத்தி இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

இது தெரிந்த பிறகும் நான் மாறவில்லை. மாறியது 2017-இல், அப்பா ஊரைவிட்டு எங்களோடு வந்து தங்கிய பிறகு. அப்போது அவருக்கு எண்பது. கை நடுக்கம் வந்து ரேசர் பிடிக்க முடியாமல் போயிருந்தது. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி இறங்கி சலூனுக்குப் போவதும் சிரமம். ஆனால் மழிக்காத முகத்தோடு அடுத்த வீட்டுக்காரர் எதிரில்கூட நிற்கமாட்டார். நாலு நாள் தாடியோடு அறையைவிட்டு வெளியே வராமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நானே செய்துவிடுகிறேன் என்று என் ரேசரை எடுத்துக்கொண்டு போனேன். என் வழக்கப்படி நுரையைப் பீய்ச்சி, உடனே இழுத்தேன். முகவாய்க்கட்டையில் ரத்தம். அப்பா முகம் சுளிக்கவில்லை. தன் பழைய பெட்டியிலிருந்து படிகாரக் கல்லை எடுத்து, நனைத்து, தானே அழுத்திக்கொண்டார். பிறகு கேட்டார்:

“தாடியை ஊற வச்சியாடா?”

“அரை நிமிஷம் இருக்கும்ப்பா.”

“தோசைக்கு ஊறப் போட்ட அரிசியை அரை நிமிஷத்திலேயே அரைச்சுடுவியா?”

நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சவரத்தில் நேரம் தேவைப்படுவது பிளேடை இழுப்பதற்கு அல்ல, முடி ஊறுவதற்கு. காய்ந்த தாடிமுடி முரட்டுக் கம்பி மாதிரி. தண்ணீரை உறிஞ்சினால் பருத்து மெதுவாகிவிடும். அதை அறுக்கத் தேவைப்படும் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். இதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடமாவது வேண்டும். சோப்பு முடிமேல் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துத் தண்ணீருக்கு வழிவிடுகிறது. நுரை அந்த ஈரத்தைக் காயாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. டப்பா நுரை பார்வைக்குப் பஞ்சு மாதிரி இருந்தாலும் அதில் காற்று அதிகம், தண்ணீர் குறைவு.

முடியை மெல்லிய சமாசாரம் என்று எண்ணிவிடவேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியின் கீழ் முடியை வெட்டிப் பார்த்தார்கள். பிளேடின் எஃகு முடியைவிட ஐம்பது மடங்கு கடினமானது. ஆனாலும் முடி வளைந்து சாய்வாகப் படும்போது, விளிம்பு சில இடங்களில் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆகவே ஒரே பிளேடை மாதக் கணக்கில் ஓட்டுவது சிக்கனம் ஆகாது. நாலைந்து சவரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ரேசருக்கான பிளேடு சில ரூபாய்தான்.

அந்தப் பழைய ரேசரைப் பற்றிச் சொல்லவேண்டும். இரு பக்கமும் கூரான பிளேடை நடுவில் வைத்துத் திருகி மூடும் ரேசர், நம் வீடுகளில் அப்பா, தாத்தா உபயோகித்தது. இன்று அதை நிதானத்தின் சின்னமாகப் பேசுகிறார்கள். உண்மையில் அது அவசரக்காரர்களுக்காகவே பிறந்தது! அதற்கு முன்னால் இருந்தது சவரக் கத்தி. அதைத் தோல் வாரில் தீட்டத் தெரியவேண்டும், பிடிக்கத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் நாவிதர் அடைப்பத்தோடு வரும்வரை காத்திருக்கவேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்கு, தீட்டவே வேண்டாத, தேய்ந்தால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகடு என்ற யோசனை 1895-இல் வந்தது. அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராக்க முடியாது என்று பலர் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் செய்து காட்டினார். 1903-இல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே தொண்ணூறாயிரம் ரேசருக்கு மேல். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே வாங்கிக் கொடுத்தது. 1971-இல் இரட்டைப் பிளேடு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து என்று பிளேடு கூடிக்கொண்டே போனது. நம் பக்கத்தில் டோபாஸ், சூப்பர் மேக்ஸ் என்று பெட்டிக்கடையில் தொங்கிய பிளேடுகள் பலருக்கு நினைவிருக்கும். சூப்பர் மேக்ஸ் இங்கே தாணேயில்தான் தயாராகி வந்தது.

சரி, ஊற வைக்க நேரத்துக்கு எங்கே போவது? என் வீட்டில் சிக்கல் என் நேரம் மட்டும் அல்ல. ஒரே குளியலறை. ஆறரைக்கு மகளுக்குக் கல்லூரி அவசரம், ஏழுக்கு மனைவிக்கு அலுவலகம். புதிதாகச் சவர ஆர்வம் பிடித்து நான் இருபது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்ட முதல் வாரத்தில், வீட்டில் உண்மையாகவே சண்டை வந்தது. “உங்க சுகத்துக்கு எங்க நேரமா?” என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

இதற்கும் அப்பாதான் வழி சொன்னார். “குளிக்கிற இடத்திலே எதுக்குடா சவரம்?” ஊரில் அவர் திண்ணையில் உட்கார்ந்துதான் செய்வார். ஜன்னல் கம்பியில் ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர், பழைய செய்தித்தாள். நானும் பால்கனிக் கம்பியில் கண்ணாடி மாட்டினேன். குளியலறை அவர்களுக்கு, சூரிய வெளிச்சம் எனக்கு. தண்ணீரும் மொத்தம் ஒரு மக்கு போதும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு செய்தபோது எத்தனை வாளி போயிற்றோ!

சவரப் புத்தகங்கள் பல, குளித்த பிறகு செய் என்கின்றன, முடி நன்றாக ஊறியிருக்கும் என்பதால். நம் வீடுகளில் அது நடக்காது. சவரம் செய்தால் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்கும் பூஜைக்கும் போகவேண்டும். ஆகவே நான் கண்ட வழி: முகத்தை வெந்நீரில் இரண்டு தடவை நன்றாகக் கழுவுவது, பிரஷ்ஷால் நுரை பூசுவது, அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது. துணி மடிக்கலாம், தலைப்புச் செய்தி படிக்கலாம். ஒரு நாள் அந்தக் கோலத்திலேயே கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுத்தேன். எதிர்வீட்டு மராட்டிப் பாட்டி பயந்தே போனார். மூன்று நிமிடம் கழித்து, காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷ்ஷை ஓட்டிவிட்டு ஆரம்பிக்கவேண்டும். இந்த மூன்று நிமிடம் என் நேரத்தில் சேர்த்தியே இல்லை.

நுரை அடிப்பது பழக்கத்தில் வருவது. பிரஷ்ஷை முதலில் வெந்நீரில் ஊறவிட்டு, உதறி, சோப்பு வில்லையின் மேல் அரை நிமிடம் சுழற்றி, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அடிக்கவேண்டும். தயிர் மாதிரிப் பளபளப்பாக வரவேண்டும். பெரிய குமிழி தெரிந்தால் இன்னும் அடிக்கவேண்டும். மும்பை ஏரித் தண்ணீர் மெல்லியது, நுரை தாராளமாக வரும். கோடையில் டாங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ வந்தால் திரிந்து போகும். அந்த உப்புகள் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடுவதுதான் காரணம். அப்போது அரை டம்ளர் குடிதண்ணீரில் நுரை அடித்துக்கொள்ளுங்கள்.

ரேசரை முகத்துக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, அதன் கனத்திலேயே இறங்கவிடவேண்டும். கேட்ரிட்ஜ் பழக்கத்தில் அழுத்தினீர்களோ, படிகாரம் தேவைப்படும். இன்னொன்று, முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று ஒரு நாள் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் எனக்கு இடப்பக்கம் மேல்நோக்கியும் வலப்பக்கம் குறுக்கேயும் போகிறது. இது தெரியாமல்தான் இருபது வருடம் கழுத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

எங்கே நேரத்தைக் குறைக்கலாம்? இரண்டாவது சுற்றில். வேலை நாளில் முடியின் போக்கிலேயே ஒரே ஒரு சுற்று, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கையால் தடவினால் கொஞ்சம் சொரசொரக்கும். அலுவலகத்தில் யாரும் என் கன்னத்தைத் தடவிப் பார்ப்பதில்லை. தாடிமுடி ஒரு நாளில் வளர்வதே அரை மில்லிமீட்டருக்குள்தான். மூன்று சுற்று சுற்றி வழவழப்பாக்கினாலும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஊறும் நேரம் போக எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, பழைய கணக்கைவிட இரண்டு நிமிடம் கூடுதல். குறுக்கே ஒரு சுற்று, எதிர்ப்போக்கில் ஒரு சுற்று என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நேரமே இல்லாத நாளில் அரைகுறையாகச் செய்வதைவிட அன்று விட்டுவிடுவது நல்லது. செவ்வாய், வெள்ளி சவரம் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வந்ததற்குக் காரணம் எதுவோ, தோலுக்கு அது ஓய்வு நாள் என்பது என் அனுபவம்.

இன்னும் சில வார்த்தைகள். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் தாடி வளர்த்தவர்கள் திரும்பி வந்ததும் நேராக ரேசரை வைக்கவேண்டாம். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டு ஊற வையுங்கள். ஊருக்குப் போகும் ரயிலில் இந்த ரேசரை எடுக்கவே எடுக்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் பிளேடுக்கு அனுமதி இல்லை. தேய்ந்த பிளேடைக் குப்பையில் சும்மா போடுவது பெரிய பாவம். குப்பையைக் கையால் பிரிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். மூடியில் கீறல் போட்ட பழைய டப்பா ஒன்றில் சேர்த்து வந்தால் வருடக் கணக்கில் நிரம்பாது.

வயதானவர்களுக்குச் செய்துவிடுபவர்கள், அவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் எலக்ட்ரிக் ஷேவர்தான் நல்லது. அப்பாவுக்கு அந்த மாத்திரை இல்லை. அவரைச் சுவர் ஓரம் தலை சாய உட்காரவைத்து, வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போர்த்தி, நுரை பூசி, நான் பின்பக்கமாக நிற்கிறேன். தளர்ந்த தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரு இழுப்பு போவதில்லை. ஒரே சுற்று. கன்னக் குழியில் காற்றை அடக்கிக்கொள்ளச் சொன்னால் சரியாகச் செய்வார்.

நுரை அடிப்பது மட்டும் அவர் பொறுப்பு. கை நடுக்கம் அதற்கு இடைஞ்சல் இல்லை; என்னைவிடக் கெட்டியாக வருகிறது. போதும் அப்பா என்றாலும் விடமாட்டார். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்து, இன்னும் ரெண்டு சொட்டுத் தண்ணி விடு என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவர் காபியும் அதற்குள் ஆறிவிடுகிறது.