கறுப்புக் காரும் காலைத் துடைப்பும்

தலைநகரில் குடியேறிய நம்மவரில் முதல் தலைமுறையினர் சைக்கிளில் அலுவலகம் சென்றனர். அடுத்த தலைமுறையினர் தவணையில் ஸ்கூட்டர் வாங்கினர். அவர்தம் பிள்ளைகள் இன்று கார் வாங்குகின்றனர். அதிலும் தாழ்ந்த முகப்பும் இரண்டே கதவுகளும் உறுமும் எஞ்சினும் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரின் மீது இளைஞர் சிலருக்கு மோகம் பிறந்திருக்கிறது. புதியது கைக்கெட்டாவிடினும் பழையதேனும் ஒன்று வேண்டும், அதுவும் கறுப்பாகவே இருக்கவேண்டும் என்கின்றனர். வேண்டாமென்று தடுப்பது நம் நோக்கமன்று. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அந்நிறத்தின் இயல்பை அறிந்துகொள்ளட்டும் என்பதே நம் ஆசை.

கறுப்பு மோட்டாருக்குப் புதிய நிறமன்று. ஃபோர்டு கம்பெனியாரின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே கிடைத்தது. ஆனால் அன்றைய வர்ணம் வேறு, இன்றைய வர்ணம் வேறு. இன்று தகட்டின் மீது துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றிற்கும் மேலாகக் கிளியர் கோட் எனப்படும் தெளிந்த வார்னிஷ் என அடுக்கடுக்காகப் பூசுகின்றனர். இத்தனையும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். கிளியர் கோட்டின் பங்கு அதில் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான். செய்தித்தாளின் ஒற்றைத் தாளை விரலிடையே பிடித்துப் பாருங்கள், அதனினும் மெல்லியது. காரின் பளபளப்பு முழுவதும் இந்த ஏட்டில்தான் இருக்கிறது.

இதன்மேல் நுண்ணிய கீறல்கள் விழும்போது, அவற்றின் ஓரங்களில் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது. வெள்ளைக் காரில் அது கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினாலோ, சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல் வட்ட வட்டமாகத் தெரியும்.

ஆகவே, பழைய கறுப்புக் காரை நனைந்த நிலையில் பார்த்து விலை பேசலாகாது. ஈரம் கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். விற்பவர் சிலர் தடவி வைக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மெருகும் அதையே செய்யும். நாலைந்து முறை கழுவியபின் குட்டு வெளிப்படும். உலர்ந்த காரை வெயிலில் நிறுத்திச் சுற்றிவந்து பார்க்கவேண்டும். ஒரு கதவு மட்டும் ஆரஞ்சுப் பழத் தோல்போல் சொரசொரப்பாகத் தோன்றினால் ஐயப்படுக. வர்ணத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. மற்ற இடங்களில் 120 காட்டும் அக்கருவி ஓரிடத்தில் 300, 400 என்று காட்டினால், அவ்விடம் மறுபடி வர்ணம் கண்டது. உள்ளே பட்டியும் வைத்திருக்கலாம். கோவாவில் தயாரான ஸான் ஸ்டார்ம் போன்ற கண்ணாடியிழை உடல் கொண்ட கார்களில் இக்கருவி பயன்படாது. அதற்கு அடியில் உலோகத் தகடு வேண்டும்.

இனி, நம் இலாகாவைச் சேர்ந்த சங்கதி ஒன்று. மோட்டார் வர்ணத் தொழிலில் ‘ரயில் தூசி’ என்றே ஒரு குறைக்குப் பெயர் உண்டு. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள், ரயிலில் ஏற்றிவரும் புதுக்காரின் மீது படிந்து துருவேறிக் குத்திக்கொள்வதால் வந்த பெயர் அது. நம் நாட்டில், பயணிகள் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பெட்டிகளின் ஜன்னல்களை அடைத்து, கார்கள் ஏறும்படி கோடியில் கதவு வைத்து, அவற்றில் கார்களை அனுப்பும் வழக்கம் இருக்கிறது. இப்பெட்டிகளில் பல, 1955இல் தொடங்கிய பெரம்பூர் தொழிற்சாலையில் பிறந்தவை. ஒருகாலத்தில் நம்மை ஊருக்கு அழைத்துச் சென்ற பெட்டி இன்று காரைச் சுமப்பதில் வியப்பில்லை. நிற்க. இருப்புப்பாதை ஓரத்தில் வசிப்போர் வீட்டுக் கார்களிலும் இத்துகள் படியும். கறுப்பில் கண்ணுக்குத் தெரியாது. கழுவிய காரின் மீது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரலை விட்டுத் தடவினால் நெருநெருவென்று தட்டுப்படும். களிமண் போன்ற ஒரு பொருளைக் கடைகளில் விற்கின்றனர். சோப்பு நீர் தாராளமாகத் தெளித்து அதை இலேசாக நகர்த்தினால் துகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வர்ணத்திற்கு இதனினும் பெரிய சத்துரு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. உலர்ந்த தூசியைத் துணியால் துடைப்பதே அது. மே, ஜூன் மாதங்களில் தில்லியில் வீசும் ஆந்தி கொணர்வது நுண்மணல். சிக்னலில் வாங்கிய மஞ்சள் துணியால் அதைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பு. தூசி படிந்த காருக்கு உறை போட்டுக் காற்றில் ஆடவிடுவதும் அப்படியே.

நம் குடியிருப்பில் ஒரு வீட்டார் கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓராண்டு ஆவதற்குள் அதன்மேல் வலை விழுந்துவிட்டது. நாள்தோறும் விடியலில் கார் துடைக்க வரும் பையனைக் குற்றஞ்சாட்டி நிறுத்தியதோடு, அம்மாதச் சம்பளம் 600 ரூபாயையும் பிடித்துக்கொண்டனர். பீஹாரிலிருந்து பிழைக்க வந்தவன் அவன். நாமும் பிழைக்க வந்தவர்களே ஆதலால் அங்கு சென்று பேசினோம். அவனுடைய வாளியைக் கொணரச் செய்து காட்டினோம். ஒரே வாளி, ஒரே துணி, ஒன்பது கார்கள். எட்டாவது காரின் மண்ணெல்லாம் ஒன்பதாவதாகிய கறுப்புக் காருக்கு வந்து சேர்ந்தது. அவனுக்கு வேறு துணியோ வேறு வாளியோ கொடுத்தவர் யார்? வீட்டுத் தலைவர் நியாயஸ்தர்; பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கழுவும் முறை கடினமன்று. காரை நிழலில் நிறுத்தி, தகடு சூடு ஆறியபின் வெறுந்தண்ணீர் ஊற்றி மண்ணை முதலில் இறக்கவேண்டும். ஒரு வாளியில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறுந்தண்ணீர். துணியை வெறுந்தண்ணீரில் அலசிய பின்னரே மறுபடி ஷாம்புவில் தோய்க்கவேண்டும். மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் துடைக்கவேண்டும். சக்கரத்துக்கு வேறு துணி. தரையில் விழுந்த துணியை அன்று மீண்டும் தொடலாகாது. துணி துவைக்கும் தூள் மெழுகை எடுத்துவிடும். மினுமினுப்புக்காக வாளியில் விடும் மண்ணெண்ணெய் பிசுபிசுப்பை நிறுத்தித் தூசியை மேலும் இழுக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரை உலரவிட்டால் சுண்ணத் திட்டுகள் நிற்கும். ஆகவே மைக்ரோபைபர் துண்டால் உடனே ஒற்றியெடுக்கவேண்டும். ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் ஆடம்பரம் வேண்டாம். 2024 மே மாத இறுதியில் தட்டுப்பாட்டின்போது அவ்வாறு கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லியில் அறிவித்தனர். அவ்வாண்டு மார்ச்சில் பெங்களூரில், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் என்றனர்.

ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியில் இடுங்கள். பானெட்டில் காய்ந்துபோன விபூதியைத் துடைக்கும் கையும் கீறலையே தரும். கலியாணத்துக்குக் காரை இரவல் கேட்போர் ஒட்டும் ரோஜாப்பூவின் பசைநாடாவையும் கவனிக்க. புறா எச்சம் வெயிலில் வார்னிஷை அரித்துவிடும். ஈரத் துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு, ஊறியபின் தேய்க்காமல் எடுத்துவிடவேண்டும்.

விழுந்த கீறலை இயந்திரத்தால் மெருகேற்றிப் போக்கலாம். ஆனால் கீறலை மட்டும் தனியே எடுக்க இயலாது. அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்தே சில மைக்ரான் சீவுகின்றனர். பண்டிகைதோறும் செய்துகொண்டிருந்தால் சில ஆண்டுகளில் சீவுவதற்கு ஒன்றுமிராது. செராமிக் பூச்சு தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும். நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லைத் தடுக்காது.

மேற்சொன்ன வீட்டார் ஒருமுறை மட்டும் மெருகேற்றிக்கொண்டனர். பையன் மீண்டும் வருகிறான். மற்ற எட்டுக் கார்களை நாள்தோறும் துடைக்கிறான். கறுப்புக் காரைத் தொடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டு வாளிகளோடு. சம்பளம் அதே 600. அந்தக் காருக்குரிய துண்டுகளை மட்டும் தனியே ஒரு பையில் போட்டு, அவ்வீட்டுப் பால்கனியில் மாட்டி வைத்துவிட்டுப் போகிறான்.