படகின் மேல்தளத்துச் சாமான்களும் மறைவான துருவும்

தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. அக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பலகைகளைப் பழுது பார்த்து வர்ணம் பூசுவது வழக்கம். இஞ்சினுக்குக் காட்டும் கவனத்தில் கால் பங்குகூட மேல்தளத்துச் சாமான்களுக்குக் கிடைப்பதில்லை. கயிறு கட்டும் தூண், கப்பி வளையம், வின்ச்சின் அடித்தட்டு ஆகியவை மேலே பளபளப்பாயிருந்தால் போதுமென்று எண்ணப்படுகிறது. ஆயினும் அவற்றைப் பிடித்து நிறுத்துவன பலகைக்குள் மறைந்திருக்கும் போல்ட்டுகளே. சூறைக்காற்றில் நங்கூரக் கயிற்றின் பாரம் முழுவதும் இரண்டு மூன்று போல்ட்டுகளின்மேல் விழுகையில் அவை முறியுமாயின், படகு கரையில் மோதுவதோடு நில்லாது. விசையோடு தெறிக்கும் இரும்பு, அருகில் நிற்பவரின் உயிரையும் வாங்கக்கூடும்.

நாகப்பூச்சுள்ள இரும்பில் பூச்சுத் தேய்ந்ததும் துரு தொடங்குகிறது. துருவானது தான் உண்ட இரும்பைப்போல் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் வர்ணம் வெடிக்கும், பலகை உப்பும், சுற்றியுள்ள மரமும் கறுத்து மெத்தென்றாகும். ஆகவே இரும்பு முன்கூட்டியே எச்சரிக்கிறது எனலாம். எவர்சில்வரோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. அதைக் காப்பது குரோமியத்தால் மேற்பரப்பில் உண்டாகும் மிக மெல்லிய படலம். அப்படலம் நிலைத்திருக்கப் பிராணவாயு வேண்டும். துளைக்குள் இறங்கித் தேங்கிய உப்புநீரில் பிராணவாயு தீர்ந்துபோகவே, படலம் அழிந்து உலோகம் குழிகுழியாக அரிக்கப்படுகிறது. தலையும் நட்டும் மின்ன, நடுத்தண்டு மட்டும் மெலிந்திருக்கும். 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் கலந்த 316 என்னும் வகை, சாதாரண 304 வகையைவிட இதைத் தாங்கும், முற்றிலும் தப்பாது. பித்தளைத் திருகுகளில் துத்தநாகம் கரைந்து செம்பு மாத்திரம் எஞ்சும். முறித்துப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாயிருக்கும்.

சோதனையை தளத்தின் அடிப்புறத்திலிருந்து தொடங்குதல் நலம். நட்டைச் சுற்றிப் பழுப்புக் கறையோ ஈரமோ உப்புப் படிவோ காணப்பட்டால், மேலிருந்து நீர் இறங்குகிறதென்று கொள்ளவேண்டும். கூரிய ஊசியால் மரத்தைக் குத்த, அது எளிதில் இறங்குமாயின் மரமும் கெட்டிருக்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்ட, இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மழுங்கி ஒலிக்கும். ஆனால் ஒலியை நம்பித் திருப்தியடைவது தவறு. மெலிந்த தண்டும் சில சமயம் கணீரென்றே ஒலிக்கும்.

ஐயம் தீர ஒரே வழி, சாமான் ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட்டையேனும் கழற்றிப் பார்ப்பதுதான். பாரம் ஏதுமில்லாதபோதே கழற்றவேண்டும். கம்பித் தூரிகையால் துடைத்து, தலைக்குக் கீழேயும் மரத்தினுள் இருந்த பகுதியையும் பூதக்கண்ணாடியால் நோக்கவேண்டும். குழியோ கீற்றோ ஒன்றில் தென்பட்டால் அச்சாமானின் எல்லாப் போல்ட்டுகளையும் மாற்றுவதே முறை. அவை ஒரே நீரில் ஊறியவை. செலவை எண்ணி ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம்.

புதியதைப் பூட்டுமுன் துளையை நன்கு உலர்த்தி, மெத்தென்ற மரத்தை வெட்டி நீக்கி, நீர் புகாத பசையைத் துளையிலும் தலையின் கீழும் நிரப்பவேண்டும். அலுமினியச் சாமானில் எவர்சில்வர் போல்ட்டைப் பூட்டினால் உப்புநீரில் அலுமினியம் விரைவில் அரிபடும். இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் வைப்பது அவசியம். எந்த போல்ட் எந்தத் தேதியில் கழற்றப்பட்டதென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தால், மறு வருஷம் அடுத்ததைக் கழற்ற வசதியாயிருக்கும்.